கால் எரிச்சலுக்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போதுமா?

கேள்வி: வயது 54, ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ராத்திரியில் பாதம் எரிகிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் நரம்பு கெட்டிருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் என்ன? ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையில் சரியாகுமா?

பதில்: பெயர்தான் பெரிசு. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனை வைத்து ஆற்றல் தயாரிக்கும்போது அதில் கொஞ்சம், பக்கத்தில் எது இருந்தாலும் அரிக்கிற மூலக்கூறாகக் கசியும். அதை அடக்க குளுட்டதயோன் போன்ற ஆன்டிஆக்சிடன்ட்களைச் செல்லே வைத்திருக்கிறது. கசிவு கூடி, அடக்குவது குறைந்தால் அதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் இரண்டுமே நடக்கும்.

சரி, ஏன் பாதத்தில் ஆரம்பிக்கிறது? உங்கள் கால் விரலின் உணர்ச்சி நரம்பிழைக்குத் தாய்ச்செல் கீழ்முதுகில், முதுகுத்தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது; அங்கிருந்து விரல் நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரே இழை. நுனிக்கு வேண்டிய புரதமும் புது மைட்டோகாண்ட்ரியாவும் இழைக்குள் இருக்கும் நுண்குழாய்த் தண்டவாளத்தில்தான் வந்து சேர வேண்டும், வேகமாக வரும் சரக்குக்கே இரண்டு மூன்று நாள் ஆகும். கசிந்த மூலக்கூறுகள் தண்டவாளத்தையும் சரக்கை இழுக்கும் புரதத்தையும் சேர்த்துக் கெடுக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா பழுதாகி ஆற்றலும் குறைய, சரக்கு நடுவழியில் நின்றுவிடும். நுனி பட்டினி கிடந்து, அங்கிருந்து மேல்நோக்கிக் கருகிக்கொண்டே வரும். சாக்ஸ் போட்ட அளவுக்கு மரத்துப்போவது அதனால்தான். பாதி கெட்ட இழை சும்மாவும் இருக்காது, எதுவும் படாமலே மூளைக்குச் சேதி அனுப்பும், எரிச்சல் அதுதான்.

மாத்திரைக்கு வருவோம். ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் என்ற ஆன்டிஆக்சிடன்ட் சிலருக்கு எரிச்சலைக் குறைக்கிறது. போன இழையைத் திரும்பக் கொண்டுவரும் என்று நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். ‘நரம்புச் சத்து’ என்று வருகிறவற்றில் வைட்டமின் பி6 அதிகம் இருந்து, மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். நான் முதலில் பார்க்கச் சொல்வது ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு, ஏனென்றால் மெட்ஃபார்மின் அதைக் குறைக்கும். அப்புறம் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. சர்க்கரையைப் படிப்படியாக இறக்குங்கள், ஒரேயடியாக இறக்கினால் சிலருக்கு வலி கூடிவிடும். தூக்கம் கெடுகிற அளவுக்கு எரிச்சல் என்றால் அதற்கென்றே மருந்து இருக்கிறது, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், மரத்த இடத்தில் புண் வந்தாலும் வலிக்காமல் போகலாம். புண் தெரிந்தாலோ, கால் திடீரென வலுவிழந்தாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.