வக்கீல் பீஸ் கட்ட வசதி இல்லாதவர்கள் சிவில் வழக்கில் என்ன செய்வது? இலவச வக்கீல் உண்மையிலேயே கிடைப்பாரா?

கிடைப்பார். இலவச வக்கீல் ஏற்பாடு செய்து தரும் வட்ட சட்டப்பணிகள் குழுவில் தன்னார்வலராக இருப்பதால் நேரில் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் நாமாகப் போய்க் கேட்க வேண்டும், அதையும் சீக்கிரம் கேட்க வேண்டும்.

கிரிமினல் வழக்கில் கைதானவருக்கு வக்கீல் இல்லையென்றால் மாஜிஸ்ட்ரேட்டே விசாரித்து ஏற்பாடு செய்வார். சிவில் வழக்கில் அப்படி யாரும் கேட்பதில்லை. சம்மன் வரும், அதில் வாய்தா தேதி இருக்கும். அன்று நம் பக்கம் யாரும் ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி (வராதவர்) என்று ஆக்கி, எதிர்த்தரப்பு சொன்னதை வைத்தே தீர்ப்பு எழுதிவிடலாம். நான் பார்த்தவரை ஏழைகள் பெரும்பாலும் இப்படித்தான் தோற்கிறார்கள். அவர்கள் பக்கத்து நியாயம் கோர்ட் காதுக்கு எட்டுவதே இல்லை.

எங்களிடம் வந்த ஓர் அம்மா பூக்கட்டிப் பிழைப்பவர். கணவரின் வைத்தியத்துக்கு 40 ஆயிரம் வாங்கியிருந்தார். தொகை எழுதாத புரோநோட்டில் (கடன் உறுதிச் சீட்டில்) கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வட்டி கட்டிக்கொண்டே இருந்தவர் இரண்டு மாதம் கட்ட முடியாமல் போனதும், 2 லட்சம் கேட்டு வழக்கு வந்தது. "கையெழுத்து நான் போட்டதுதானே, அங்க போய் என்னத்தச் சொல்றது" என்று சம்மனை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் வற்புறுத்திக் கூட்டிவந்தார். அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, என்னைய ஜெயில்ல போட்டுருவாங்களா?"

இந்தப் பயம் ரொம்பப் பேருக்கு இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பணம் கட்டச் சொல்லும் சிவில் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 56-வது பிரிவு அதைத் தெளிவாகத் தடுக்கிறது. ஆணாக இருந்தாலும், கையில் பணம் இல்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அது. சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, தொழில் செய்யும் கருவி, கூலி இவற்றையெல்லாம் ஜப்தி செய்ய 60-வது பிரிவு விடாது. இதைச் சொன்ன பிறகுதான் அந்த அம்மா உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்.

புரோநோட்டில் கையெழுத்தை ஒப்புக்கொண்டால் பணம் வாங்கியதாகவே சட்டம் அனுமானிக்கும். ஆனால் அது மறுக்கக்கூடிய அனுமானம். அவரிடம் ஒரு வட்டி நோட்டு இருந்தது, ஒவ்வொரு வாரமும் வசூலுக்கு வந்தவர் கைப்பட எழுதிய தொகைகளோடு. குழு நியமித்த வக்கீல் அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று காட்ட அதைவிட நல்ல ஆதாரம் ஏது? 2003-ம் ஆண்டின் கந்துவட்டி தடைச் சட்டத்தையும் சேர்த்து எதிருரை (வழக்குக்கு நம் பதில்) தாக்கல் செய்தார். வழக்கு இன்னும் நடக்கிறது.

யாருக்குக் கிடைக்கும்? 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில் நிறுவனத் தொழிலாளர்கள் இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழுக்காக அலைந்து நாளைக் கடத்தாதீர்கள், வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரத்தையே ஏற்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்வோம். வக்கீல் மட்டுமல்ல, கோர்ட் பீஸ், டைப்பிங், நகல் செலவுக்கும் உதவி உண்டு. பண வழக்கு நீங்களே போட வேண்டியிருந்தால் இது பெரிய விஷயம். தமிழ்நாட்டில் கோர்ட் பீஸ், நீங்கள் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 2017-க்கு முன் ஏழரை!

உங்கள் ஊர் கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். இல்லையென்றால் 15100-க்கு போன் செய்யுங்கள்.

வக்கீல் ஒழுங்காக வாதாடுவாரா என்ற கேள்வியும் நியாயமானதுதான். மனம் வைத்துச் செய்பவர்களும் உண்டு, வாய்தா வாங்கியே காலம் தள்ளுபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆணைக்குழு கொடுக்கும் தொகை குறைவு, அதைக் கூட்டியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் உங்களிடம் ஒரு ரூபாய்கூட அவர் கேட்கக் கூடாது. கேட்டாலோ, வராமல் இருந்தாலோ குழுவில் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேளுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்களும் போங்கள், அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசக் கூப்பிட்டால் போகலாம், முடிந்தால் கோர்ட் பீஸும் திரும்பும். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். கட்டாயப்படுத்தினால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து எதிருரைக்கு 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 வரை. ஏற்கெனவே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டதா? அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள் இருக்கிறது. சம்மன் உங்களுக்கு முறையாக வந்து சேரவே இல்லையென்றால், தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு. அதுவும் தாண்டிவிட்டால் தாமதத்துக்குக் காரணம் காட்டி மனு போடலாம், அதற்கும் இலவச வக்கீல் உண்டு. வீட்டில் இருக்கும் எல்லாக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள்.