ஆன்சைட் போகும்போது பி.எஃப். இங்கேயா, ஜெர்மனியிலா?

சென்னை ஐ.டி. கம்பெனி இரண்டு வருடத்துக்கு ஜெர்மனி அனுப்புகிறது, இரண்டு நாட்டிலும் ஓய்வூதியப் பங்கு கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆனால் விலக்கு தானாக வராது.

இந்தியா-ஜெர்மனி சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, இங்கே பி.எஃப். தொடர்ந்தால் 48 மாதம் வரை அங்கே ஓய்வூதியக் காப்பீடு கட்டத் தேவையில்லை. அதற்கு ஆதாரம், பி.எஃப்.பை நிர்வகிக்கும் அரசு அமைப்பான இ.பி.எஃப்.ஓ. தரும் ‘சர்டிஃபிகேட் ஆஃப் கவரேஜ்’, அதாவது இங்கே உங்களுக்கு பி.எஃப். தொடர்கிறது என்று காட்டும் சான்றிதழ். விமானம் ஏறுவதற்கு முன்பே கம்பெனி வழியாக ஆன்லைனில் விண்ணப்பித்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் ஜெர்மன் ஓய்வூதியக் காப்பீடு 18.6 சதவீதம், அதில் பாதி, 9.3 சதவீதம், உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படலாம்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. வேலை ஒப்பந்தம் இந்தியக் கம்பெனியுடனேயே இருக்க வேண்டும். ஜெர்மன் கிளை உங்களைத் தன் ஊழியராகவே எடுத்துக்கொண்டால் இந்த விலக்கு பொருந்தாது. கையெழுத்துப் போடும் முன் கடிதத்தில் முதலாளி யார் என்று பாருங்கள். அப்புறம், மருத்துவக் காப்பீடு இதில் அடங்காது. அதைத் தனியாக எச்.ஆரிடம் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்கா என்றால் கதை வேறு. அந்த நாட்டுடன் நமக்கு இப்படி ஒப்பந்தமே இல்லை.