கவுண்டியைப் பிடித்தால் ஆள் கிடைப்பார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் மகள் கல்யாணம் செய்துகொண்டிருப்பது அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்துக் கிழக்குப் பகுதிக்காரரை. சம்பந்தி வீட்டார் ராஜர்ஸ்வில் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர்களுடைய முதல் பாட்டனார் டேனியல் பூனோடு மலையேறி வந்தவர் என்று சொல்கிறார்கள். பேத்தி பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப வரலாறு எழுதுகிறாள். என் பக்கம் கொள்ளுத்தாத்தா வரை சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவள் அப்பா பக்கம் எங்கிருந்து ஆரம்பிப்பது? இணையத்தில் பார்த்தால் ஒரே மனிதருக்கு ஆளுக்கொரு வம்சாவளி போட்டிருக்கிறார்கள். – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, மலைத்தொடரைத் தாண்டி மேற்கே குடியேற வழிகாட்டியவர் என்று பேர்பெற்ற டேனியல் பூன் கதையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பேத்தியிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிப் போங்கள். பேத்தி, அவள் அப்பா, அவருடைய அப்பா என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் எழுத்தில் ஒரு சான்று கிடைத்த பிறகுதான் அடுத்த படி. 1775 மார்ச்சில் பூனோடு பாதை வெட்டப் போனவர்கள் முப்பது பேர் அளவில்தான். அவர்கள் போனது கென்டக்கிக்கு. ராஜர்ஸ்வில் அந்த வழிக்குத் தெற்கே இருக்கிறது. அதற்காகச் சம்பந்தி வீட்டார் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ராஜர்ஸ்வில் பள்ளத்தாக்குக்கு வந்தார் என்ற செய்திதான் தலைமுறை தலைமுறையாக ஒரு பெரிய பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்தச் செய்தியே தேடத் தகுந்ததுதான்.

நாக்ஸ்வில்லில் கே ஸ்ட்ரீட்டில் மெக்ளங் தொகுப்பு என்று ஒரு வரலாற்று நூலகம் இருக்கிறது. அதன் வாசக அறைக்கு வருகிறவர்களுக்கு உதவி செய்கிறவன் நான். யார் வந்தாலும் முதலில் கேட்பது, "1850 வரை போய்விட்டீர்களா?" என்பதுதான். அந்த வருடத்து சென்சஸில்தான் முதன்முதலாக வீட்டிலிருந்த சுதந்திர மனிதர்கள் எல்லாரையும் பெயர், வயது, பிறந்த மாநிலம் போட்டு எழுதினார்கள். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மற்றவர்கள் இத்தனை ஆண், இத்தனை பெண் என்று வெறும் எண்ணிக்கை. அதுவும் டென்னஸியின் 1790, 1800 கணக்குகள் இல்லவே இல்லை. 1810ல் ரதர்ஃபோர்ட் கவுண்டியும் (கவுண்டி என்றால் நம் ஜில்லா மாதிரி) வேறு சில ஏடுகளும்தான் மிச்சம். 1820ல் கிழக்குப் பகுதி முழுக்கத் தொலைந்துவிட்டது. ஆக, ராஜர்ஸ்வில் இருக்கும் ஹாக்கின்ஸ் கவுண்டிக்கு முதலில் கிடைப்பது 1830 கணக்கு. அந்தப் பாட்டனார் 1775 வாக்கில் வந்தவர் என்றால் நடுவில் ஐம்பது வருடத்துக்கு மேல் சென்சஸ் கை கொடுக்காது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் மனம் சோர்ந்துபோய், இணையத்தில் யாரோ போட்ட வம்சாவளியை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். அவரும் அதை இன்னொருவரிடமிருந்து எடுத்திருப்பார்.

சரி, என்ன வழி? ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு நிலத்தைத் தேட வேண்டும். இந்த மலைப்பகுதியில் மனிதர் ஒரே இடத்தில் இருப்பார், கவுண்டிதான் மாறிக்கொண்டே இருக்கும். பழைய தஞ்சாவூர் ஜில்லா உடைந்து நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என்று ஆன மாதிரிதான். ஆனால் இங்கே மாநிலமே மாறியது. ராஜர்ஸ்வில் இருக்கும் கார்ட்டர்ஸ் வேலியில் 1770களின் தொடக்கத்தில் குடியேறியவர்கள் தங்களை வர்ஜீனியாக்காரர்கள் என்றே நினைத்தார்கள். அப்போது வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலை ஃபின்காசில் கவுண்டி. 1776 கடைசியில் அதைக் கலைத்து மூன்றாகப் பிரித்ததில் ஒன்று வாஷிங்டன் கவுண்டி, அதன் தலைமை ஊர் ஆபிங்டன். எல்லை அளந்த பிறகு இந்தப் பக்கம் வடக்குக் கரோலினாவுக்குப் போனது. 1779ல் சல்லிவன் கவுண்டி வந்தது, 1780களின் பிற்பாதியில் அதிலிருந்து ஹாக்கின்ஸ் பிரிந்தது. நடுவே 1784 முதல் 1788 வரை ஃப்ராங்க்ளின் என்று தனி மாநிலம் அறிவித்து அதற்கும் ஒரு கோர்ட் நடத்தினார்கள். 1790ல் மத்திய அரசின் பிரதேசம், 1796ல்தான் டென்னஸி.

இதனால் என்ன ஆகிறது என்றால், 1787ல் அந்தப் பண்ணை வீட்டிலேயே பிறந்த ஒருவர் 1850 சென்சஸில் "பிறந்தது வடக்குக் கரோலினா" என்று சரியாகத்தான் சொல்லியிருப்பார். பேரப்பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு இருநூறு மைல் தள்ளிப் போய்த் தேடிக்கொண்டிருப்பார்கள். இதை வாசக அறையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால் முதலில் ஒரு தாளில் அந்த நிலம் எந்த வருடம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று பேத்தியை எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கவுண்டியின் பத்திரம், உயில், வரிப் பட்டியலையும் பார்க்க வேண்டும். சல்லிவன் மட்டும் வயிற்றெரிச்சல்: 1863 செப்டம்பரில், உள்நாட்டுப் போரின்போது, அதன் தலைமை ஊரான பிளவுன்ட்வில்லில் நடந்த சண்டையில் கோர்ட் கட்டிடம் எரிந்து பழைய பதிவுகளில் பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் நிலம் வழங்கிய ஆவணங்கள் வடக்குக் கரோலினாவின் தலைநகர் ராலேயில் தனியாக இருப்பதால் தப்பித்தன.

அந்த நில ஆவணத்தில் சர்வேக் குறிப்பு என்று ஒரு தாள் இருக்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆற்றங்கரையில் நிற்கும் வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடகிழக்கே இத்தனை 'போல்' தூரம் போனால் இரண்டு பாப்லர் மரம், அங்கிருந்து இன்னாருடைய எல்லை வழியாக ஒரு ஹிக்கரி மரம் வரை என்று போகும். ஒரு போல் என்பது பதினாறரை அடி. மரங்கள் என்றோ விழுந்துவிட்டன. நமக்கு வேண்டியது "இன்னாருடைய எல்லை" என்ற இடம். அதோடு தாளின் அடியில் அளவுச் சங்கிலி பிடித்த இரண்டு பேரின் பெயர் இருக்கும். சங்கிலி பிடிக்க யார் வருவார்கள்? மகன், தம்பி, மைத்துனன், பக்கத்து நிலத்துக்காரன். இந்தப் பெயர்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்புறம் கல்யாண ஜாமீன் பத்திரங்களைப் பாருங்கள். மாப்பிள்ளையோடு சேர்ந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பாவோ அண்ணனோதான். மலைக்கு யாரும் தனியாக வரவில்லை. பெண் கொடுத்து எடுத்த நான்கைந்து குடும்பங்கள் கூட்டாகக் கிளம்பி, கூட்டாக நிலம் வாங்கின. அந்தப் பாட்டனார் எங்கிருந்து வந்தார் என்று அவருடைய தாள்கள் சொல்லாவிட்டால், சங்கிலி பிடித்தவருடைய தாள்கள் சொல்லும்.

இன்னொரு பெரிய கதவு பென்ஷன் மனு. 1832 ஜூனில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது: சுதந்திரப் போரில் ஆறு மாதமாவது சேவை செய்து, இன்னும் உயிரோடு இருக்கும் முதியவர்கள் விண்ணப்பிக்கலாம். எழுபது எண்பது வயதுக் கிழவர்கள் கோர்ட்டில் வந்து நின்று வாக்குமூலம் கொடுத்தார்கள். எங்கே, எந்த வருடம் பிறந்தீர்கள்? வயதுக்குப் பதிவு இருக்கிறதா? படையில் சேர்ந்தபோது எங்கே குடியிருந்தீர்கள்? போருக்குப் பிறகு எங்கெல்லாம் இருந்தீர்கள்? இந்தப் பகுதி ஆட்களில் பலர் 1780 அக்டோபர் 7 அன்று கிங்ஸ் மௌன்டன் சண்டையில் இருந்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் தன் வாழ்க்கையைத் தானே சொல்லி எழுத்தில் வந்தது அநேகமாக அந்த ஒரு தடவைதான். பின்னால் விதவைகள் விண்ணப்பித்தபோது, கல்யாணத்துக்குச் சான்றாகக் குடும்ப பைபிளில் பிறப்பு, இறப்பு எழுதியிருந்த பக்கத்தையே கிழித்து இணைத்து அனுப்பினார்கள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. நகல் இணையத்திலும் கிடைக்கிறது.

பூன் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டேனியலின் அப்பா ஸ்கொயர் பூன் இங்கிலாந்தின் டெவனிலிருந்து 1713ல் பென்சில்வேனியா வந்த குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர். 1742ல் மகள் சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டாள், சபை கண்டித்தது. பிறகு மகன் இஸ்ரேலும் அப்படியே செய்தபோது அப்பா தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை, 1748ல் சபை அவரை விலக்கியது. 1750ல் குடும்பம் தெற்கே கிளம்பிவிட்டது. இதெல்லாம் சபைக் கூட்டக் குறிப்புகளில் இருக்கிறது. ஒரு குடும்பம் ஏன் ஊரை விட்டுப் போனது என்று நிலப் பத்திரம் சொல்லாது, சபைக் குறிப்பு சிலசமயம் சொல்லும். சம்பந்தி வீட்டார் பாப்டிஸ்டுகள் என்றால் அந்தச் சபையின் பழைய குறிப்பேடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு ஊருக்குப் போகிறவருக்குச் சபை கடிதம் கொடுத்து அனுப்பும், அது பதிவாகியிருக்கும்.

உங்கள் சம்பந்தியின் குடும்பப் பெயரை இங்கே அச்சிடவில்லை. அது ஜெர்மன் வழியாகவும் வந்திருக்கலாம், அயர்லாந்தின் வடக்கே இருக்கும் அல்ஸ்டர் வழியாகவும் வந்திருக்கலாம். ஜெர்மன் என்றால், 1727 முதல் பிலடெல்பியா துறைமுகத்தில் இறங்கிய ஜெர்மானியர்கள் ராஜ விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திட்ட பட்டியல்கள் இருக்கின்றன. ஆனால் அது கடைசிப் படி. அங்கே இப்போதே தாவ வேண்டாம்.

கேள்வி: என் அமெரிக்க நண்பரின் குடும்பத்தில் ஒரு பூட்டியார் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியின் இளவரசி என்பார்கள். டிஎன்ஏ சோதனையில் அப்படி எதுவும் வரவில்லை. அவர் மிகவும் மனம் உடைந்துபோயிருக்கிறார். பாட்டி சொன்னது பொய்யா? – வாசகர், நியூ ஜெர்சி

பதில்: செரோக்கிகளிடம் அரச குலமே கிடையாது, ஆகவே இளவரசியும் இல்லை. தாய்வழியாக வரும் ஏழு குலங்கள்தான் அவர்களுக்கு. ஆனால் டிஎன்ஏ சோதனையை மட்டும் வைத்து இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. ஏழு தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து சராசரியாக 128ல் ஒரு பங்குதான் வந்து சேரும், எதுவுமே வராமலும் போகும்.

ஆவணத்தில் பார்க்கலாம். 1906 முதல் 1909 வரை கையன் மில்லர் என்ற அதிகாரி, கிழக்குச் செரோக்கிகளுக்கான இழப்பீட்டுக்கு வந்த மனுக்களை விசாரித்தார். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள். தாத்தா பாட்டி, அவர்கள் குடியிருந்த இடம் என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். தள்ளுபடி ஆன மனுக்களும் பத்திரமாக இருக்கின்றன, குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு அவையும் அதே அளவு உதவும். 1838ல் அந்த மக்களை ஊரைவிட்டுத் துரத்துவதற்கு முன் 1835ல் எடுத்த கணக்கும் உண்டு. இரண்டிலும் குடும்பப் பெயர் தென்படவில்லை என்றால், அந்தக் கதையைக் கதையாகவே எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் நண்பரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: அவர் குடும்பமும் இந்த மலைப்பகுதிதான் என்றால், அவர் முன்னோர் உழுத நிலம் செரோக்கிகள் வேட்டையாடிய நிலம். ரத்தத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் குடும்ப வரலாற்றில் அவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் நம் நாட்டு ஆட்கள் யாராவது அங்கே போயிருக்கிறார்களா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: மலைக்கு வந்ததற்கு நான் சான்று பார்த்ததில்லை. வர்ஜீனியாக் கடற்கரைக்கு வந்திருக்கிறார்கள். 1635ல் ஜார்ஜ் மெனிஃபி என்ற நிலக்கிழார், தான் கொண்டுவந்த ஆட்களின் கணக்கைக் காட்டி நிலம் பெற்ற பட்டியலில் "டோனி, கிழக்கிந்தியர்" என்று ஒரு பெயர் இருக்கிறது. 1776ல் ஒரு வர்ஜீனியாப் பத்திரிகையில் வந்த, தப்பியோடிய வேலைக்காரனைப் பற்றிய விளம்பரத்தில், ஜான் நியூட்டன் என்பவரைப் பிறப்பால் ஆசிய இந்தியர் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் எந்த ஊர், என்ன மொழி பேசினார்கள் என்று அந்தத் தாள்களில் இல்லை. ஆகவே அவர்களைத் தமிழர் என்று நாம் உரிமை கொண்டாடக் கூடாது. பெயரே மாற்றப்பட்டுப் போன அந்த மனிதர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.

கேள்வி: மலை விவசாயிகள் ஏழைகள், அடிமை வைத்திருக்கவில்லை என்று படித்தேன். உண்மையா? – வாசகி, சென்னை

பதில்: பலர் வைத்திருக்கவில்லை, பலர் வைத்திருந்தார்கள். உயிலிலும், இறந்தவர் சொத்துப் பட்டியலிலும் குதிரை, கலப்பை, இரும்புச் சட்டிக்கு நடுவே மனிதர்களின் பெயர் இருக்கும், பக்கத்தில் விலை இருக்கும். முதல் தடவை அதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் அந்த வரியில் நின்றுவிடுவார். 1850, 1860 சென்சஸில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை உண்டு, ஆனால் அதில் வயதும் பாலும் நிறமும்தான், பெயர் இல்லை. அவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் சென்சஸ் 1870. அதற்கு முன்னால் போக வேண்டுமானால், அவர்களை வைத்திருந்த குடும்பத்தின் தாள்கள்தான் வழி. முதல் பதிலில் சொன்ன மாதிரிப் பண்ணைக் குடும்பங்களின் வீட்டில் பழைய கணக்குப் புத்தகமோ உயில் நகலோ பைபிளோ இருந்தால், அதில் அடிமைகளின் பெயர் இருக்கும் பக்கங்களைப் படம் எடுத்து அந்தக் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் வாசகி அம்மா, உங்கள் சம்பந்தி வீட்டு பரணிலும் ஒருமுறை பார்க்கச் சொல்ல முடியுமா?