பல் போன இடத்தில் இம்ப்ளான்ட்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்: டொக்டர், எனக்கு 58 வயது. கீழ்க் கொடுப்புப்பல் பிடுங்கி ஒரு வருசம். சீனி வருத்தமும் இருக்கு. இம்ப்ளான்ட் வைக்கேலுமா?

இம்ப்ளான்ட் என்றது தாடை எலும்புக்குள் ஒரு திருகு வைத்து, அதன் மேல் பல் பொருத்துறது. சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் வைக்கலாம் ஐயா. காலமை குத்திப் பார்க்கிற அளவு போதாது. 3 மாதச் சராசரியைச் சொல்லுற எச்பிஏ1சி ரிப்போர்ட்டைக் கொண்டு போங்கோ. அது 8 வீதத்தைத் தாண்டியிருந்தால் நான் தொடவே மாட்டேன், முதலில் சீனியைக் குறைக்கச் சொல்லுவேன்.

பல் போன இடத்து எலும்பு கரையும், முதல் வருசத்தில்தான் கூடக் கரையும். அதோடு கீழ்த்தாடைக்குள்ளே உதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு கொடுக்கிற நரம்பு ஓடுது. திருகு அதில் பட்டால் உதடு விறைத்துப் போகும். அதனால் தாடையை முப்பரிமாணத்தில் காட்டுற சிபிசிடி ஸ்கான் எடுத்து, எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் அளந்த பிறகுதான் துளையிட வேணும்.

உள்ளே போறது டைட்டேனியம் திருகு. எலும்பு டைட்டேனியத்தை ஒட்டிப் பிடித்து வளரும் என்பதை 1950களில் முயல் எலும்பில் கண்டவர் சுவீடனின் பிரனெமார்க். 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அந்தப் பிடிப்பு வர கீழ்த்தாடையில் ஏறக்குறைய 3 மாதம். மேல்தாடை எலும்பு மெது, 4 முதல் 6 மாதம் பிடிக்கலாம். வழமையாக அதுக்குப் பிறகுதான் மேலே அபட்மென்ட் (திருகையும் பல்லையும் இணைக்கிற துண்டு), கிரவுன் (வெளியே தெரியுற செயற்கைப் பல்).

ஒன்றை மறக்காதீங்கோ: வைத்த இம்ப்ளான்டின் கொம்பனி, அளவு, லொட் நம்பர் (தயாரிப்புத் தொகுதி இலக்கம்) உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வையுங்கோ.

தெமட்டகொட: ஒரு பல்லுக்கு எவ்வளவு முடியும்?

வாயைப் பார்க்காமல் தொகை சொல்ல ஏலாது. சொல்லுற தொகைக்குள் ஸ்கான், திருகு, அபட்மென்ட், கிரவுன் எல்லாம் அடக்கமா, எலும்பு போட வேண்டி வந்தால் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கோ.

முகத்துவாரம்: அப்பா கனகாலம் வெத்திலை பாக்குப் போடுறவர். இப்ப வாய் முழுசாத் திறக்க ஏலாது. பல் வைக்கலாமா?

பல்லை விடுங்கோ தங்கச்சி. பாக்கால் கன்னத்தின் உட்பக்கம் இறுகிப் போற வருத்தமாக இருக்கலாம். அது புற்றுநோயாக மாறக்கூடியது. இலங்கை ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் அதிகம். கொழும்பு வோட் பிளேஸ் பல் வைத்தியசாலைக்கு இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கோ. பாக்கை இன்றைக்கே நிற்பாட்டச் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை: செலவு எவ்வளவு சேர்?

மேலே சொல்லிட்டேன்.

பம்பலப்பிட்டி: அம்மா எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒரு குளிசை போடுறா. பிரச்சினையா?

அலென்ட்ரோனேட் வகையாக இருந்தால் பல் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கோ. பிடுங்கினாலோ துளைத்தாலோ, அரிதாகத்தான் என்றாலும், தாடை எலும்பு ஆறாமல் செத்துப் போகலாம். நீங்களாகக் குளிசையை நிற்பாட்டவும் கூடாது.

தெஹிவளை: சென்னையில் 3 நாளில் பல் வைத்துக் கையில் தாறாங்கள். மலிவும். நீங்கள் மாதக்கணக்குச் சொல்லுறீங்கள்.

திருகு இறுக்கமாகப் பிடித்தால் உடனே தற்காலிகப் பல் போடலாம். அது உண்மை, இங்கேயும் செய்யுறம். ஆனால் யாருக்கு ஏலும் என்பதை எலும்புதான் தீர்மானிக்கும்.

தெஹிவளை (திரும்பவும்): நோயாளி போயிடுவான் என்றுதான் இப்பிடிச் சொல்லுறீங்கள்.

இல்லை தம்பி. சென்னையில் மிகத் திறமையான வைத்தியர்கள் இருக்கிறார்கள். என் கவலை திரும்பி வந்த பிறகு நடக்கிறது. ஒரு வருசத்தில் கிரவுன் ஆடலாம், உள்ளே அதைப் பிடிக்கிற சின்ன ஸ்குரூ தளர்ந்திருக்கும். இறுக்க 5 நிமிச வேலை. ஆனால் ஒவ்வொரு கொம்பனியின் ஸ்குரூ தலையும் ஒவ்வொரு வடிவம், அறுகோணம், நட்சத்திரம் என்று. அதுக்கேற்ற டிரைவர் வேணும். எக்ஸ்ரேயை வைத்து எந்தக் கொம்பனி என்று ஊகிச்சு, பொருந்தாத டிரைவரைப் போட்டால் தலை வழுகிப் போகும். பிறகு கிரவுனை வெட்டித்தான் எடுக்க வேணும்.

தெஹிவளை: அப்ப ஸ்டிக்கர் இருந்தால் போகலாமோ?

போகலாம். ஸ்டிக்கர், ஸ்கான், செய்த திகதி எல்லாம் கையில் இருக்க வேணும். இங்கே பார்க்க ஒரு வைத்தியரைப் போக முன்னமே பேசி வையுங்கோ. சிகரெட் குடிக்கிறவராக இருந்தால் அதையும் விடுங்கோ. புகை பல் முரசுக்குப் போற இரத்தத்தைக் குறைக்கும், இம்ப்ளான்ட் தோற்கிற ஆபத்தும் கூடும். முரசு அழுகத் தொடங்கினால் இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள எலும்பும் கரையும். சொத்தை வராது என்று துலக்காமல் விடுறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

வத்தளை: மகனுக்கு 15. முன்பல் போயிட்டுது.

வளர்ச்சி முடியும் மட்டும் வேண்டாம். தாடை வளரும், இம்ப்ளான்ட் நகராது, கடைசியில் பக்கத்துப் பற்களை விடக் கட்டையாகத் தெரியும். இப்போதைக்குக் கழற்றிப் போடுற பல்.

மட்டக்குளி: மொத்தச் செலவு?

தயவுசெய்து மேலே வாசியுங்கோ.

கிருலப்பனை: வேர்ச் சிகிச்சை (ரூட் கனால்) செய்யச் சொல்லிச்சினம். பிடுங்கிப்போட்டு இம்ப்ளான்ட் வைத்தால் நல்லதுதானே?

வேண்டாம் அக்கா. காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்காதீங்கோ. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப்படலம் இருக்கு. சோற்றில் கல் கடிபட்டால் சட்டென்று தெரியுறது அதனால்தான். இம்ப்ளான்டுக்கு அது இல்லை. வேர் நெடுக்கப் பிளந்திருந்தால் மட்டும் வேறு கதை. எக்ஸ்ரேயைக் கொண்டு போய் வேர்ச் சிகிச்சை மட்டும் செய்யுற ஒருவரிடம் காட்டிப்போட்டு முடிவெடுங்கோ.