வாசகர் கேள்வி-பதில்: கோட்டைக்கு முன் நிலத்தடி

கேள்வி: ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டில் மூன்று முறை இடம் பார்த்துக் கோட்டை கட்டினேன். இரண்டு தடவை இரும்பே இல்லை. மூன்றாம் தடவை படிக்கட்டு வெட்டியதும் தண்ணீர் புகுந்துவிட்டது. இறங்குவதற்கு முன்பே நிலத்தடியைப் பார்க்க முடியுமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முடியும். நம்ம பக்கம் ஆழ்துளைக் கிணறு (போர்) போடுகிறவர்கள் முதலில் பக்கத்து வீட்டு போரில் என்ன தண்ணீர் என்று விசாரிப்பார்கள் அல்லவா, அதுபோல முதலில் பாறையை விசாரியுங்கள். தங்கம், வெள்ளியைத் தேடி அலைய வேண்டாம். உங்களுக்குத் தேவை படிவுப் பாறை. ஹெமடைட், லிமோனைட், மேக்னடைட் என்ற மூன்று இரும்புத் தாதுக்களும் அதில் வரும். நிலக்கரியும், நெய்வேலியில் தோண்டுகிற லிக்னைட்டும் அதில்தான். எஃகு செய்ய இரும்போடு சேர்க்கும் ஃப்ளக்ஸ் கற்களான சுண்ணாம்புக்கல், டோலமைட்டும் அங்கேயே கிடைக்கும்.

இரும்பு, நிலக்கரி, ஃப்ளக்ஸ் மூன்றும் ஏன் ஒரே இடத்தில் வேண்டும்? கணக்குப் பாருங்கள். ஒரு ஹெமடைட் கல்லை உருக்கினால் 4 இரும்புக் கட்டி. அதை 4 எஃகுக் கட்டியாக்க ஃப்ளக்ஸ் 4, கோக் (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்) 9 செலவாகும் (உருக்க 1, மீதி 8 எஃகுக்கு முந்தைய நிலையான பிக் அயர்னுக்கும் எஃகுக்கும்). ஒரு பிட்டுமினஸ் நிலக்கரிக் கல் 9 கோக் தரும், ஆனால் அதைச் சுடவே 1 போய்விடும். ஆக, ஒரு ஹெமடைட் கல்லுக்கு ஒரு நிலக்கரிக் கல் என்று வைத்தால் கோக் கொஞ்சம் பற்றாமல்தான் வரும். மாக்மா (நிலத்தடி நெருப்புக் குழம்பு) சூட்டில் இயங்கும் உலை இருந்தால் எரிபொருள் மிச்சம். அப்போது கோக் 4 போதும்.

கோட்டைக்கு இடம் தேர்ந்தெடுக்கும் எம்பார்க் திரையில் உலோகம், ஃப்ளக்ஸ், நீர்த்தாங்கி (நீர் ஊறும் நிலத்தடி அடுக்கு) உண்டா என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. அதற்கு டிஎஃப்ஹேக் என்ற இலவச இணைப்பைப் போடுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்த நிலையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் அழுத்தி, திறக்கும் பெட்டியில் 'பிராஸ்பெக்ட் ஆல்' (prospect all) என்று ஆங்கிலத்தில் அடித்தால் தாது, ரத்தினம், பாறை எல்லாம் எண்ணிக்கையோடு வரும். 'ஆல்' விட்டுப்போனால் பாறை அடுக்கு மட்டும்தான் வரும், தாது வராது. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். இது மதிப்பீடுதான், 30 சதவீதம் கூடலாம், குறையலாம், சில இடங்களில் அதைவிடவும் தவறலாம். மண் அடுக்கைக் கணிப்பதில் ஒரு அடுக்கு முழுதாகவே பிசகலாம். அதோடு அது எண்ணுவது கட்டங்களை. வெட்டுகிற ஒவ்வொரு கட்டமும் கல் தராது.

தண்ணீருக்கு வருவோம். கனத்த நீர்த்தாங்கி என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். லேசானது என்றால் சமாளிக்கலாம்: கசிவது மெதுவாகத்தான், பாறைச் சுவரை வழவழப்பாக்கினால் நின்றுவிடும். இரண்டு உயிர்ச்சூழல் சேரும் எல்லையில் கோட்டை இடத்தை வைத்தால், ஒன்றில் மட்டும் நீர்த்தாங்கி இருக்கலாம். படிக்கட்டை மற்றதில் இறக்குங்கள்.

கேள்வி: இடத்தைப் பெரிதாக எடுத்தால் தாது கூடுமா?
- வாசகர், ராயபுரம்

பதில்: கூடும், ஆனால் கணினி திணறும். எம்பார்க் திரையில் வழக்கமான 4x4 அளவே 192x192 சிறு கட்டம். பாறை சரியாக இருந்தால் அதற்குமேல் வேண்டாம். உலகம் உருவாக்கும்போதே தாது அளவைக் கூட்டி வைப்பதுதான் மேல்.