செத்த ஊசியிலைக் கட்டையில் முளைத்தது என்ன? கேள்வி பதில்

பைன், ஸ்புரூஸ், ஃபர் கட்டைகளில் வினோதமாக எதையாவது பார்த்தால் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள், மகிழ்ச்சி. ஒரே ஒரு குறை. படங்களில் முக்கால்வாசி மேலிருந்து எடுத்தவை. காளானின் முகம் அடியில் இருக்கிறது. செவுளா, துளையா, முள்ளா என்று அங்கே பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி (பிரிட்டிஷ் கொலம்பியா): அக்கா, பட்டை வண்டு அரித்துச் செத்த பைன் மரம். தண்டு முழுக்க எலுமிச்சம்பழம் போல வெளிர்மஞ்சள் உருண்டைகள், ஐம்பதாவது இருக்கும். இது காளானா, மரத்தின் பிசினா?

பதில்: காளான்தான். கிரிப்டோபோரஸ் வால்வாட்டஸ். உங்கள் படத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்! ஒன்றைப் பறித்துக் கத்தியால் நடுவே பிளந்து பாருங்கள். உள்ளே காலியாக ஓர் அறை இருக்கும். அதன் கூரைதான் துளைகள் நிறைந்த பழுப்புப் பகுதி. மற்றத் துளைக் காளான்கள் அடிப்புறத்தைத் திறந்தே வைத்திருக்கும். இது மட்டும் தடித்த தோலால் மூடிக்கொள்கிறது. முற்றியதும் அந்தத் தோலில் கீழ்ப்பக்கம் சின்ன ஓட்டை விழும். வண்டுகள் அதன் வழியே போய்வரும், உள்ளே கொட்டிக் கிடக்கும் வித்துத்தூள் அவற்றின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். உருண்டைகள் முளைத்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள், பெரும்பாலும் வண்டு போட்ட துளையிலிருந்தே வெளியே வந்திருக்கும். மரம் செத்து ரொம்ப நாள் ஆகியிருக்காது.

கேள்வி (நார்வே): மட்கிய ஸ்புரூஸ் அடிக்கட்டையில் நுங்கு மாதிரி ஒன்று. ஒளி ஊடுருவுகிறது. தொட்டால் ஆடுகிறது.

பதில்: நுங்கு என்றீர்களே, அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. சூடோஹைட்னம் ஜெலட்டினோசம். அடியில் விரலை வைத்துத் தடவுங்கள், சின்னச் சின்ன முட்கள் பூனை நாக்கு போல வரிசையாக இருக்கும், ஆனால் மெத்தென்று. ஜெல்லியும் முள்ளும் சேர்ந்து வந்தால் வேறு எதோடும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு மிகக் குறைவு. தின்னலாம், சுவை என்று எதுவும் இல்லை. நான் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன்.

கேள்வி (ஸ்காட்லாந்து): பைன் காட்டில் தரையிலிருந்து மஞ்சள் மான்கொம்பு போல முளைத்திருக்கிறது. கட்டையே இல்லையே?

பதில்: கட்டை இருக்கிறது, புதைந்து கிடக்கிறது. மெல்லத் தோண்டினால் வேர் போல நீண்ட அடிப்பகுதி மட்கிய கட்டைக்குள் போவது தெரியும். கலோசெரா விஸ்கோசா. ஒரு கிளையை வளைத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி வளைந்தால் இதுதான். பவளக் காளான்களாக இருந்தால் சட்டென்று ஒடிந்துவிடும்.

கேள்வி (வாஷிங்டன் மாநிலம்): ஹெம்லாக் கட்டையில் வெள்ளை வெளேரென்று சிப்பிக் காளான். சமைக்கலாமா? இங்கே பலர் சாப்பிடுகிறார்கள்.

பதில்: வேண்டாம். இது சிப்பிக் காளானே அல்ல. சிப்பிக் காளான் பெரும்பாலும் அகன்ற இலை மரங்களில் வரும், சதை தடிப்பாக இருக்கும். உங்களுடையது காகிதம் போல மெல்லியது, காம்பு இல்லை, ஊசியிலைக் கட்டையில் இருக்கிறது. ப்ளூரோசைபெல்லா போரிஜென்ஸ். ஜப்பானில் இதற்குச் சுகிஹிராதாகே என்று பெயர்; சுகி என்பது அவர்கள் ஊர் ஊசியிலை மரம். தலைமுறை தலைமுறையாக அங்கே சாப்பிட்டு வந்தார்கள். 2004 இலையுதிர் காலத்தில் அதைச் சாப்பிட்டவர்களுக்கு மூளை பாதித்து வலிப்பு வந்தது, 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பலருக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்தது. அதற்குப் பிறகு, சாப்பிட வேண்டாம் என்று ஜப்பான் அரசே சொல்லிவிட்டது. பழைய புத்தகங்களில் ‘உண்ணலாம்’ என்றுதான் இன்னமும் இருக்கும். அதை நம்பாதீர்கள்.

கேள்வி (சுவீடன்): பாசி படிந்த கட்டையில் தேன் நிறத்தில் சின்னக் காளான்கள், காம்பில் வளையம். மாமியார் இதே மாதிரி பறித்து சூப் வைப்பார்.

பதில்: மாமியார் பறிப்பது குயேனரோமைசஸ் மியூட்டாபிலிஸாக இருக்கும். உங்கள் படத்தில் வளையத்துக்குக் கீழே செதில்கள் இல்லை, வெள்ளி நார்கள் ஓடுகின்றன. என் கணிப்பு கேலரினா மார்ஜினாட்டா. சாவுத்தொப்பிக் காளானில் உள்ள அதே அமாடாக்சின் நஞ்சுதான் இதிலும். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது, அப்புறம் வாந்தியும் பேதியும். நடுவில் தேறிவிட்டது போல இருக்கும், அதற்குள் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே கட்டையில் கலந்து முளைப்பதும் உண்டு. அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், ஆனால் இன்றைக்கே சொல்லுங்கள்.

கேள்வி (ஒன்டாரியோ): தட்டு போன்ற காளான், ஓரத்தில் செம்மஞ்சள் பட்டை, அடியில் கண்ணீர் மாதிரி துளிகள். ஃபோமிடாப்சிஸ் பினிகோலா என்று எழுதி வைக்கலாமா?

பதில்: ஐரோப்பாவில் என்றால் அப்படியே எழுதலாம். வட அமெரிக்காவில் உள்ளவை வேறு இனங்கள் என்று 2019-இல் பிரித்துவிட்டார்கள். உங்கள் பக்கம் ஃபோமிடாப்சிஸ் மௌன்சியேவாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் காளானை ஆராய்ந்து 1929-இல் எழுதிய கனடாக்காரர் ஐரீன் மௌன்ஸ் பெயரை அதற்கு வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். துளிகள் வளரும் காளான் வெளியேற்றும் நீர். மேல்தோலருகே தீக்குச்சியைக் காட்டுங்கள், பிசின் போல உருகிக் குமிழியிடும். பக்கத்தில் இருக்கும் கட்டையையும் பாருங்கள். கட்டையின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்றுவிட்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினை விட்டுவைப்பதால், அது பழுப்பாகச் சதுரம் சதுரமாக வெடித்து, விரலில் நசுக்கினால் மாவாகும்.

கேள்வி (ஜெர்மனி): ஸ்புரூஸ் அடிக்கட்டையில் ஆரஞ்சு ஓரத்தோடு மெத்தை போல ஒன்று. சோம்பு வாசனை வருகிறது, என் பிரமையா?

பதில்: பிரமை இல்லை. கிளியோஃபில்லம் ஒடோரட்டம். ஜெர்மன்காரர்களே அதைச் சோம்பின் பெயரால்தான் அழைக்கிறார்கள். மூக்கையும் பயன்படுத்தியதற்கு நன்றி.

கேள்வி (பின்லாந்து): கட்டையில் இளஞ்சிவப்பு மணிகள். நசுக்கினால் பற்பசை மாதிரி வருகிறது.

பதில்: லைகோகலா. இது பூஞ்சையே அல்ல, சளிப்பூஞ்சை என்ற வேறு உயிர்க்கூட்டம். நாலு நாள் கழித்துப் போனால் சாம்பல் நிறமாகி, உள்ளே தூளாக இருக்கும்.

கேள்வி (கொடைக்கானல்): பைன் காட்டில் வெட்டிப் போட்ட கட்டையில் அடுக்கடுக்காகப் பழுப்புத் தட்டுகள். ஐரோப்பியப் புத்தகத்தில் இதே படம் இருக்கிறது. அதுதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். கொடையில் நிற்கும் பட்டுலா பைன் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து நட்டது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய ஊசியிலை மரம் நாகியா வாலிச்சியானா ஒன்றுதான். அதனால் உங்கள் கட்டையில் இருப்பது பைனோடு வந்ததாகவும் இருக்கலாம், பக்கத்துச் சோலையிலிருந்து குடியேறியதாகவும் இருக்கலாம். புத்தகப் படத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்ட நான் தயாரில்லை. ஒரு தட்டைத் திருப்பி அடிப்புறத்தைப் படம் எடுங்கள். அப்புறம் கட்டையைக் கொஞ்சம் கீறி, அழுகல் பழுப்பா வெள்ளையா என்று பாருங்கள். இரண்டையும் அனுப்புங்கள், சேர்ந்து கண்டுபிடிப்போம்.