பெர்மிட் காணியும் இரண்டு பிடிவாதக்காரரும்

கேள்வி: வட இலங்கையில் பரந்தனுக்கு அருகில் ஏ-9 வீதியோரம் அரை ஏக்கர் காணியையும் அதிலுள்ள இரண்டு கடை அறைகளையும் வாங்கப் பேசியிருக்கிறேன். காணிக்கார ஐயா 90 இலட்சத்திலிருந்து ஒரு சதமும் இறங்க மாட்டேன் என்கிறார். பெர்மிட் காணிதான், ஆனால் காணி உறுதிப் பத்திரம் முடித்துத் தருவதாகச் சொல்லி 10 இலட்சம் முற்பணம் வாங்கினார். சமாதான நீதவான் முன்னிலையில் கடிதம் எழுதி ஒப்பமிட்டோம். ஒரு கடையில் 2011 முதல் டயர் ஒட்டுபவர் ஒருவர் மாதம் 12,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறார். பத்து வருடம் கடந்ததால் கடை தனக்கே சொந்தம் என்கிறார். 15 இலட்சம் கொடுத்தால்தான் எழும்புவாராம். மின்சாரத்தை வெட்டினால் தானாகப் போய்விடுவார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருவரையும் எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: விலையையும் வாடகைக்காரரையும் பற்றி விரிவாக எழுதிய நீங்கள், “பெர்மிட் காணிதான், ஆனால்” என்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. அந்த “ஆனால்” உங்களுக்கு 10 இலட்சம் செலவு வைத்திருக்கிறது.

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட பெர்மிட், அதாவது அனுமதிப்பத்திரம், என்றால் காணி இன்னும் அரசினுடையது. ஐயாவால் அதை விற்க முடியாது. அனுமதியின்றி வாடகைக்கு விடவும் முடியாது. நிபந்தனையை மீறினால் பெர்மிட்டை ரத்துச் செய்ய நடவடிக்கை எடுக்கலாம். பெர்மிட்டுக்குப் பிறகு, காணியை அரசு அவருக்கே எழுதிக் கொடுக்கும் அளிப்புப் பத்திரம் கிடைத்திருந்தால் நிலைமை வேறு. அப்போது பிரதேச செயலாளரின் எழுத்து மூல முன் அனுமதியுடன் கைமாற்றலாம். அனுமதி பெறாமல் எழுதும் உறுதி செல்லாது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் “அற்றோனித் தத்துவம் (ஐயாவுக்குப் பதிலாக நீங்கள் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிக்கொள்ளுங்கள்” என்று உங்கள் காதில் ஓதுவார். வன்னியில் இந்த ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஐயா கண்ணை மூடும் நாளில் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். காணி அவருடைய மனைவிக்கோ, பெயர் குறித்து வைத்த பின்னுரித்தாளருக்கோ போகும். நீங்கள் கட்டிய மதிலை நீங்களே வெளியில் நின்று பார்க்க வேண்டியதுதான்.

இனி அந்த இரண்டு பிடிவாதங்களையும் பாருங்கள். வேரில் இரண்டும் ஒன்றுதான். வாடகைக்குக் கொடுத்ததே பிழை என்பதால் வழக்குப் போட ஐயா தயங்குகிறார் என்று நினைக்கிறேன். டயர்க் கடைக்காரரும் அதை மோப்பம் பிடித்திருப்பார். 15 இலட்சம் என்பது கடையின் பெறுமதி அல்ல, ஐயாவின் பயத்துக்கு அவர் போட்ட விலை.

“பத்து வருடம்” என்ற வாதம் மட்டும் வெறும் சத்தம். நீண்ட காலம் இருந்ததால் வரும் ஆட்சியுரிமை அரச காணிக்கு எதிராக வளராது. தனியார் காணியாக இருந்தாலும், வாடகை கொடுத்து உள்ளே வந்தவர், வாடகைக்காரராக இருந்துகொண்டே உரிமையாளரின் உரித்தை மறுக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. பழைய வாடகைப் பற்றுச்சீட்டுகள் இருந்தால் ஐயா பத்திரப்படுத்தட்டும்.

ஆனால் மின்சாரத்தில் கை வைக்காதீர்கள், பூட்டிலும்தான். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனால், காணி யாருடையது என்று அங்கே கேட்கமாட்டார்கள்; யார் ஆட்சியில் இருந்தார் என்றுதான் பார்ப்பார்கள். முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப உள்ளே விடும்படி கட்டளை வரும். பலவீனமான வாதத்தோடு இருந்தவருக்கு நீதிமன்றக் கட்டளையை நீங்களே வாங்கிக் கொடுத்ததாக முடியும். தவிர, அவரை எழுப்பும் உரித்து வாடகைக்குக் கொடுத்தவருக்கு உண்டு. நீங்கள் இன்னும் யாரும் இல்லை.

முற்பணக் கடிதத்துக்கு வருவோம். காணி விற்பனைக்கான உடன்படிக்கையும், உறுதி எழுத அதிகாரம் பெற்ற நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சமாதான நீதவானின் முத்திரை அதற்கு ஈடாகாது. அந்தக் கடிதத்தைக் காட்டி விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் பணம் கைமாறியதற்கு அது நல்ல சாட்சி. 10 இலட்சத்தைத் திரும்பக் கேட்கலாம். காலவரம்பை மூன்று ஆண்டுகள் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயாவிடம் விலை பேசுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். “பிரதேச செயலகக் காணிக் கிளைக்கு ஒருக்கால் சேர்ந்து போய்வருவோம், ஐயா” என்று மரியாதையாகக் கேளுங்கள். 2009 இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்துவிட்டது என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம், எத்தனையோ பேருக்கு அப்படித்தான். அதற்காகத்தான் காணிக் கிளைப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்கிறேன். பின்னுரித்தாளர் யார் என்பதும் அதில் தெரியும். இறங்காத விலை பல நேரம் வெளிநாட்டிலுள்ள மகன் சொன்ன விலையாக இருக்கும். அப்படியானால் ஐயாவோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, மகனோடு பேச வேண்டும். வர மறுத்தால் முற்பணத்தைக் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள்.

அளிப்புப் பத்திரம் இருந்து அனுமதியும் கிடைத்தால், நொத்தாரிசு உடன்படிக்கையில் கடையை வெறுமையாக்கிக் கையளிப்பது ஐயாவின் பொறுப்பு என்று எழுதி, அதுவரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். 90 இலட்சத்தில் அவர் நின்றாலும் நிற்கட்டும். எப்போது, எதற்குப் பிறகு கொடுப்பது என்பது உங்கள் கையில் இருக்கும்.

டயர்க் கடைக்காரரிடம் தொகையை முதலில் சொல்லாதீர்கள். அவருடைய பிழைப்பு அந்த வீதியோரம்தான். அதே வரிசையில் வேறு இடமும் ஆறு மாத அவகாசமும் கிடைத்தால் 15 இலட்சம் வெகுவாகச் சுருங்கும். கொடுப்பதைத் திறப்பு கைக்கு வந்த பிறகே கொடுங்கள். ஐயா வழக்குத் தாக்கல் செய்து, வெளியேறும் திகதியோடு இணக்கத் தீர்ப்பாகப் பதிந்துகொண்டால் இன்னும் நல்லது. அன்று எழும்பாவிட்டால் புதிய வழக்கு வேண்டியதில்லை, அவரை வெளியேற்றும் எழுத்தாணையை நீதிமன்றத்திடம் கேட்கலாம்.

அடுத்த தடவை எழுதும்போது அந்தப் பத்திரத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.